கடந்த வாரம் சொன்ன அதே பதில்

எங்கள் சனத்திடம் முன்பெல்லாம் வீடு வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால் முதல் கேள்வி எத்தனை அறை என்பதுதான். இரண்டாவது கேள்வி, சாமியறைக்குத் தனியாக இடம் இருக்கிறதா. இப்போது அதெல்லாம் பழங்கதை. இப்போது எழுத்துக் கேட்கிறார்கள். ஜெர்மனியில் ஒவ்வொரு வீடும் எவ்வளவு சூட்டை வீணாக்குகிறது என்று பார்த்து, அதற்கு ஓர் எழுத்துப் போட்டுச் சான்றிதழ் தருவார்கள். ஏ பிளஸ் என்றால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். எஃப், ஜி என்றால் சோதனையில் பெயிலான பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்த வேண்டும். ஹனோவரில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் இரண்டு ஆண்கள் வீட்டைச் சூடாக்குகிற வெப்பப் பம்பைப் பற்றிச் சண்டை பிடித்ததில் ஆராத்தி எடுக்கிற நேரமே பிந்திப்போனது. அந்த இரண்டு பேரில் ஒருவன் நான்.

எங்கள் வீடு ஏ பிளஸ். நகரத்தின் ஓரத்தில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் நிலத்தோடு இருக்கிற வீடு. மரச் சுவர், சுவருக்குள் வைக்கோல், கூரையில் புல். யன்னலைத் திறக்கவே தேவையில்லை. உள்ளே இருக்கிற காற்றை ஒரு யந்திரம் உறிஞ்சி வெளியே விடும், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தரும். அந்த வீட்டின் முன்னறையில் என் மனுசி மூக்கில் குழாயோடு இருக்கிறாள். குழாயின் மறுமுனை ஒட்சிசன் யந்திரத்தில் இருக்கிறது. குசினிக்கும் குளியலறைக்கும் அது எட்டும், வாசலுக்கு எட்டாது. இந்த நுரையீரல் வருத்தம் அவளுக்கு வந்ததற்கு எத்தனையோ காரணம் சொல்லலாம். அது இவ்வளவு பிந்திப் பிடிபட்டதற்குக் காரணம் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முந்தி நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தோம். படுக்கையறையில் அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுத்த பூஞ்சணம். வீட்டுக்காரன் இரண்டு தரம் வந்து பார்த்தான். இரண்டு தரமும், நீங்கள் கறி கூடச் சமைக்கிறீர்கள், யன்னலைத் திறந்து வையுங்கள் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனான். நாங்களே பூச்சு வாங்கி அடித்தோம். பூஞ்சணம் திரும்ப வந்தது. கடைசியில் அலுமாரியைச் சுவரோடு இன்னும் நெருக்கித் தள்ளிவிட்டோம். கண்ணில் படாவிட்டால் இல்லை என்று நினைத்துக்கொள்ள எங்களுக்கு நன்றாகவே வரும்.

மனுசிக்கு வறட்டு இருமல் வந்தது. மிளகாய் வறுத்த புகை என்றேன். பிறகு குளிர் என்றேன். ஆறு மாதமாகியும் விடவில்லை. அப்போதுதான் மகள் இந்தக் குடியிருப்பைக் கண்டுபிடித்தாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எதையும் வாசித்துப் பார்க்காமல் பேசமாட்டாள். "அம்மான்ரை இருமலுக்கு மருந்து வீடு மாறுறதுதான் அப்பா" என்றாள்.

வீட்டைக் காட்டிய விற்பனைக்காரி சுவரின் மேல்பக்கத்தில் இருந்த ஒரு சின்ன வட்டத் துளையைக் காட்டினாள். அதனூடாகத்தான் சுத்தமான காற்று வரும் என்றாள். மனுசி கதிரையில் ஏறி நின்று உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தாள். "இந்தக் காத்து எப்பவும் வருமோ எண்டு கேளுங்கோ" என்று என்னிடம் சொன்னாள். நான் கேட்டேன். இரவும் பகலும் நிற்காமல் வரும் என்றாள் அந்தப் பெண். அதை நான் தமிழில் சொன்னதும் மனுசி கதிரையிலிருந்து இறங்கி, "அப்ப எனக்குச் சுகம் வந்திடும்" என்றாள். சந்தேகம் ஒரு துளி இருக்கவில்லை. அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டோம். வீடு கட்டி முடிய இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

இதற்கிடையில் எங்கள் குடும்ப டொக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, நுரையீரல் டொக்டரைப் பாருங்கள் என்று கடிதம் தந்தார். இந்த நாட்டில் கடிதம் கிடைப்பது சுகம், தெர்மின், அதாவது டொக்டரைப் பார்க்க ஒரு நாள், கிடைப்பதுதான் தவம். எங்களுக்கு ஏழு மாதம் தள்ளி, பெப்ரவரியில் தந்தார்கள். ஆனால் நுரையீரல் டொக்டரின் வரவேற்பில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். தங்களிடம் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல் இருக்கிறது, ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனில் பதினொரு கேள்வி வரும், நோயாளியின் நிலை மாறினால் அது கண்டுபிடித்து அவரை முன்னுக்கு எடுக்கும் என்றாள். மனிதர்கள் மறந்தாலும் அது மறக்காது என்று பெருமையாகச் சொன்னாள். கேள்வியெல்லாம் ஜெர்மன் மொழியில். ஆகவே என்னுடைய போன் இலக்கத்தைக் கொடுத்தேன்.

முதல் திங்கட்கிழமை இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துத் தமிழில் சொன்னேன், அவள் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். எத்தனை மாடி நிற்காமல் ஏறுவீர்கள்? இரண்டுக்கு மேல். பேசும்போது மூச்சு வாங்குகிறதா? இல்லை. பசி குறைந்ததா? இல்லை. வீட்டில் பூஞ்சணம் இருக்கிறதா? ஓம். எல்லாம் உண்மை. அனுப்புவதற்கு முன் பதில்களை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் படம்தான் எங்களுக்கு வினையாக வந்தது.

ஏன் படம் எடுத்தேன் என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது இருபத்திரண்டு வயது. அகதி விண்ணப்பத்துக்கு ஒரு விசாரணை, சில மாதம் கழித்து அதே கேள்விகளோடு இன்னொரு விசாரணை. முகாமில் என் அறையில் இருந்தவர் முதல் தரம் தன் ஊருக்கு இராணுவம் காலையில் வந்தது என்றார், இரண்டாம் தரம் மத்தியானம் என்றார். உண்மையில் அவர்கள் காலையிலும் வந்தார்கள், மத்தியானமும் வந்தார்கள். அவருக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தது. எனக்கு முன்னால் இருந்த அதிகாரியும் ஓரிடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "முன்பு தந்த பதிலிலிருந்து இது வேறுபடுகிறது, நிச்சயமா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்குமுன்பே முந்திச் சொன்னதுதான் சரி என்று சொல்லி முந்தியதையே திரும்பச் சொன்னேன். முந்திச் சொன்னதில் ஒரு திகதி பிழை, அது எனக்குத் தெரியும். பிழையான திகதியோடுதான் எனக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்தது.

அன்றிலிருந்து நான் எந்தப் படிவத்தையும் பழைய படிவத்தைப் பார்த்துத்தான் நிரப்புவேன். அரசாங்கம் தருகிற பிள்ளைக் காசு, வரி, பிரஜாவுரிமை, எல்லாவற்றின் பிரதியும் கோப்பில் இருக்கிறது. ஒரு தரம் சொன்னதை மாற்றாதே. மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் என் வேலை இன்னும் 'சமையல் உதவி' என்றே இருந்தது, நான் டிராம் திருத்துகிற இடத்துக்குப் போய் ஐந்து வருடமான பிறகும். மகள் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் மாற்றமாட்டேன்.

இரண்டாவது திங்கட்கிழமையிலிருந்து நான் தனியாகவே பதில் எழுதினேன். வேலைக்குப் போகிற டிராமில் போனை எடுப்பேன், படத்தைப் பார்ப்பேன், அதே போல் அமத்துவேன், அனுப்புவேன். இரண்டு தரிப்பிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். மனுசியை ஏன் கரைச்சல்படுத்துவான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவள் வேறு ஏதாவது சொல்லிவிடுவாளோ என்றும் பயந்தேன்.

அவள் மோசமாகிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது என்று யாருக்கும் சொல்லமாட்டேன். தெரியும். ஐப்பசி மட்டில் கடையிலிருந்து வரும்போது முதலாம் மாடியிலேயே நின்றுவிடுவாள். நின்று கைப்பைக்குள் வீட்டுத் திறப்பைத் தேடுவாள். திறப்பு என் கையில் இருக்கும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சுவரில் ஒட்டியிருக்கிற குப்பை எடுக்கும் நாட்களை வாசித்துக்கொண்டு நிற்பேன். பிறகு ஏறுவோம்.

அந்தக் கிழமை ஒரு தரம் மனச்சாட்சி குத்தியது. திங்கட்கிழமை டிராமில் படி பற்றிய கேள்வி வந்தபோது, படத்தைப் பார்க்காமல், 'ஒரு மாடிக்கே நிற்க வேண்டும்' என்பதை அமத்தினேன். உடனே திரையில் ஒரு பெட்டி வந்தது. 'இந்தப் பதில் கடந்த வாரத்திலிருந்து வேறுபடுகிறது. நிச்சயமா?' கீழே ஓம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

அறுபது வயதை எட்டுகிற ஆள், இந்த நாட்டுப் பிரஜை, ஓய்வூதியத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறவன், டிராமுக்குள் இருந்து ஒரு போனைப் பார்த்து நடுங்கினேன். முந்திச் சொன்னதெல்லாம் பொய் என்று நினைத்துத் தெர்மினைப் பறித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். மற்ற மனிதர் எவருக்கும் அந்தப் பெட்டி வெறும் கேள்விதான். ஓம் என்று அமத்தியிருந்தால் அந்தக் கிழமையே கூப்பிட்டிருப்பார்கள். நான் இல்லை என்பதை அமத்தினேன். பழைய பதிலைப் போட்டேன். பெட்டி மறைந்தது. பெரிய கண்டத்திலிருந்து தப்பியவன் போல மூச்சு விட்டேன்.

மார்கழியில் புது வீட்டுக்கு வந்தோம். பால் காய்ச்சும்போது மகள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, புகை கூடினால் யந்திரம் கத்தும் என்று எங்களைப் பயப்படுத்தினாள். மனுசி சிரிக்க வெளிக்கிட்டு இருமினாள். பிறகு அந்தச் சுவர்த் துளைக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த நாளும் அங்கேதான். அதுவே அவளுடைய இடமாகிவிட்டது. புது வீட்டில் ஏறுவதற்குப் படியே இல்லை. ஆனாலும் என் போனில் அவள் வாரா வாரம் இரண்டு மாடிக்கு மேல் நிற்காமல் ஏறிக்கொண்டுதான் இருந்தாள்.

தை மாதம் முதல் திங்கட்கிழமை பூஞ்சணக் கேள்வி வந்தபோது யோசித்தேன். வீடு மாறியதற்குப் பத்திரம் இருக்கிறது, முகவரிப் பதிவு இருக்கிறது. இதை எவனும் பொய் என்று சொல்ல முடியாது. ஆகவே 'இல்லை' என்று அமத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன். அந்த மாதங்களில் நான் துணிந்து மாற்றிய பதில் அது ஒன்றுதான். ஏ பிளஸ் வீட்டின் பெருமையும் கொஞ்சம் அதற்குள் இருந்தது, மறைத்து என்ன.

இரண்டு நாளில் செய்தி வந்தது. சுற்றாடல் நல்லபடியாக மாறியிருக்கிறது, நோய்க்குறிகள் கூடவில்லை, ஆகவே தெர்மினைச் சித்திரைக் கடைசிக்குத் தள்ளுகிறோம், இடையில் மோசமானால் உடனே அறிவியுங்கள். நான் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். குசினிக்குள் போய், "இஞ்சரும், நீர் தேறீட்டீர் எண்டு கொம்பியூட்டரே சொல்லுது" என்றேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அப்பிடியே?" என்றாள். திரும்ப வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "அப்ப எனக்குத்தான் சும்மா மனப்பயம் போல" என்றாள். இப்போது அந்த வார்த்தையை நினைக்கும்போது சுவரில் தலையை மோதலாம் போலிருக்கிறது. தன் நெஞ்சுக்குள் நடப்பதை நம்பாமல் அவள் என்னை நம்பினாள். அதற்குப் பிறகு மூச்சு முட்டுகிறது என்று ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

பங்குனி நடுவில் ஒரு சனிக்கிழமை, வெயில் எறித்த நாள். பின்பக்கத்தில் உடுப்புக் காயப்போடப் போனவள் வரவில்லை. போய்ப் பார்த்தால் கொடிக்குக் கீழே குந்தியிருக்கிறாள், மடியில் என் ஈரச் சட்டை. உதடு நாவற்பழம் சாப்பிட்ட மாதிரி இருந்தது. எழும்ப ஏலாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆசுப்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அங்கேயும் ஒரு செயற்கை நுண்ணறிவுதான் அந்தப் படத்தை முதலில் வாசித்தது. இளம் பெண் டொக்டர் ஒருவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கெட்டுப்போன இடங்களுக்கு யந்திரம் சிவப்பு நிறம் போட்டிருந்தது. நான் சிவப்பைப் பார்த்துக்கொண்டே, சிவப்பில்லாத இடம் எங்கே என்று தேடினேன். ஒரு நிமிடத்துக்குள் அது கண்டுபிடித்துவிட்டது என்றார் டொக்டர். கண்டுபிடிக்காமல் என்ன? அது நேராக அவளுடைய நெஞ்சைப் பார்த்தது. நடுவில் நான் இருக்கவில்லை.

பூஞ்சணத்தை வருடக்கணக்காகச் சுவாசித்ததால் நுரையீரல் தழும்பு பிடித்துவிட்டது, தழும்பு திரும்ப மாறாது என்று டொக்டர் சொன்னார். மாற்று நுரையீரல் பற்றிக் கேட்டேன். அதைத் தாங்குகிற உடம்பு இப்போது இல்லை என்றார். முந்தி வந்திருந்தால்? அவர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். "இலையுதிர் காலத்தில் வந்திருந்தால் வேகத்தைக் குறைத்திருக்கலாம்" என்றார். மனுசி என் முகத்தைப் பார்த்து, என்ன சொல்லுகிறா என்று கண்ணால் கேட்டாள். மருந்து தருகினமாம் என்றேன்.

வீட்டுக்கு ஒட்சிசன் யந்திரம் வந்தது. எங்கள் தெருவிலேயே மிகச் சுத்தமான காற்று எங்கள் வீட்டுக்குள் ஓடுகிறது, அதை இழுக்கிறதுக்கு அவளிடம் நெஞ்சு இல்லை. இந்த வீட்டில் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அந்த ஏ பிளஸ் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொழுவியிருந்தேன். அதைக் கழற்றிச் சப்பாத்துப் பெட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டேன். இனி எதற்கும் ஆசைப்பட வெட்கமாக இருக்கிறது.

மகளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கேள்வி கேட்ட யந்திரம்தான் அம்மாவைப் பின்னுக்குத் தள்ளியது என்று அந்த நுரையீரல் டொக்டர் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினாள். அனுப்பிய பதில்கள் முழுவதையும் தரும்படி கேட்டாள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அவள் எழுதுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கிழமை ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியை நானே முதலில் போய்த் திறந்தேன்.

கடிதம் மகளின் கைக்கே போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். முப்பத்தேழு கிழமை, வாரத்துக்கு ஒன்றாக முப்பத்தேழு வரி. மனுசி தன்னுடைய கதிரையில் இருந்தாள்.

"இஞ்ச பாருங்கோ அப்பா. பூஞ்சணத்தைத் தவிர எல்லாம் ஒரே பதில். மனுசர் ஒருத்தரும் இப்பிடி எழுதமாட்டினம். அவையின்ரை கொம்பியூட்டர்தான் முதல் கிழமையைக் கொப்பி பண்ணிக்கொண்டு இருந்திருக்கு. நான் விடமாட்டன். நீங்கள் சரியாத்தான் எழுதினனீங்கள் எண்டு ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ, மிச்சத்தை லோயர் பாப்பார்."

பேனாவை என் பக்கம் தள்ளினாள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். என்னில் அவளுக்கு எள்ளளவு சந்தேகம் இல்லை. கையெழுத்து வைத்திருக்கலாம். ஒரு யந்திரத்தில் பழியைப் போட்டுவிட்டு நல்ல தகப்பனாக மிச்சக் காலத்தைத் தள்ளியிருக்கலாம். பேனாவை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டுப் போனை எடுத்து, அந்தப் படத்தைத் தேடி அவள் முன்னால் வைத்தேன்.

மகள் படத்தைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள்.

"ஏன் அப்பா?"

விசாரணையைச் சொன்னேன். அறையில் இருந்தவரைச் சொன்னேன். அந்தப் பெட்டியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரன் கதைபோல இருந்தது.

"அது அகதி அலுவலகம். இது டொக்டர் அப்பா."

"தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சுமே?"

அவள் எழும்பிப் பின்பக்கம் போய்விட்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் கடிதத்தை மடித்துப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மனுசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்த அவளால் ஏலாது. மூக்குக் குழாயைச் சரிசெய்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"முப்பத்தேழு கிழமை," என்றாள். மூச்சு எடுத்தாள். "நான் உங்களுக்கு முன்னாலைதானே இருந்தனான்." திரும்ப மூச்சு எடுத்தாள். "ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாமே."